சிறைக் காவலர் ஏன் விலக நினைக்கிறார்?

இலங்கை மலையகத்தின் றொசல்லத் தோட்டத்து லயத்திலே பிறந்த இளைஞனுக்கு அரசாங்க உத்தியோகம் என்பது குடும்பமே கொண்டாடும் பாக்கியம். அத்தகைய பாக்கியத்தைச் சிறைச்சாலைத் திணைக்களத்திலே பெற்ற ஒருவர் அதனைத் துறக்க எண்ணுவாராயின், சம்பளக் குறைவு ஒன்றே அதற்குக் காரணமென்று கருதுதல் சரியன்று. கொள்ளளவுக்கு இரு மடங்குக்கும் மேலான கைதிகள் நெருங்கிக் கிடக்கும் கூடங்களிலே, சொற்பக் காவலராய் இரவும் பகலும் நின்று, 2020 நவம்பரில் மஹர சிறைச்சாலையில் 11 கைதிகள் மாண்ட கலவரம் போன்றதொன்று மீண்டும் எப்பொழுது மூளுமோ என்ற பீதியோடு கடமையாற்றுவது எவருடைய மனத்தையும் வாட்டும். கைதிக்காவது விடுதலைத் தேதி உண்டு! இந்நெரிசலைக் குறைக்க, அபராதம் செலுத்த வழியற்ற ஏழைகளையும், பிணை நிற்க ஆளில்லாத விளக்கமறியற்காரரையும் சிறைக்கு வெளியே வைத்துச் சீர்திருத்தும் ஏற்பாட்டினை நீதி அமைச்சு துரிதப்படுத்த வேண்டும். புதிய காவலரைச் சேர்ப்பதற்கு முன் செய்யத்தக்க காரியம் அதுவே.