கல் கிடந்த இடமே சான்று

மதுரைக் கோரிப்பாளையத்துத் தர்காவின் குவிமாடம் அழகர்மலையினின்று கொணர்ந்த ஒரே கல்லாலாயது என்று மக்கள் வழிவழியாகக் கூறி வருகின்றனர். அக்கூற்று மெய்யோ புனைவோ, அதனுள் நல்லதொரு வினா பொதிந்துள்ளது: இக்கல் இங்கு எவ்வாறு வந்தது?

தொன்மாந்தரின் கற்கருவிகளைக் காணுங்கால் நம்மவருட் பலர் இவ்வினாவை எழுப்புவதில்லை. எத்துணை ஆண்டுப் பழமை என்பதொன்றையே கேட்டு மார்தட்டி அமைகின்றனர்.

1863-இல் இராபர்ட்டு புரூசு பூட்டு பல்லாவரத்திலும், அதே ஆண்டில் வில்லியம் கிங்குடன் கொற்றலையாற்றை அடுத்த அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார். அத்திரம்பாக்கத்தை மீண்டும் அகழ்ந்த சாந்தி பப்பு குழுவினர், அங்குள்ள முந்து கருவிகள் ஏறத்தாழ 15 இலக்கம் ஆண்டுப் பழமையன என 2011-இல் நிறுவினர். இது மேடைகளில் முழங்கிற்று. இதனினும் அரியதோ முழங்காது போயிற்று. பெருஞ்செதில்களை உடைத்தெடுத்த தாய்க்கற்கள் அங்கில்லை! வேறிடத்தே உடைத்து, வேண்டியவற்றை மட்டும் சுமந்து வந்துள்ளனர். கல்லிருக்கும் இடமும், செல்லும் வழியும், செய்யப்போகும் கருவியும் அவர்தம் உள்ளத்தே முன்னரே இருந்தன என்பது இதனாற் பெறப்படும். அத்தகையோரை இலக்கின்றி அலைந்த விலங்கனையர் என்பது பேதைமை. அவரைத் தமிழர் என்பதும் அத்தகையதே. இன்றைய மாந்தவினமே அன்று தோன்றவில்லை.

இவ்வுண்மையெல்லாம் கருவியின் வடிவில் இல்லை. அது கிடந்த கிடையில் உள்ளது. வட அமெரிக்க மாண்டானாவில் 1968-இல் செங்காவி தோய்ந்த நூற்றுக்கு மேற்பட்ட கருவிகளும் ஒரு குழந்தையின் எலும்புகளும் வெளிப்பட்டன. மண் வாருங்கால் கிடை கலைந்தமையின், அவை சேமக் குவியலா, குழந்தைக்கிட்ட படையலா, இரண்டும் ஒரே காலத்தனவா என அறிஞர் அரை நூற்றாண்டு வழக்காடினர். இங்கே சேர்வராயன் மலையில், மெருகிட்ட கற்கோடரிகள் பிள்ளையார் கோயில்களில் குவிந்திருக்கப் பூட்டு கண்டார். மக்கள் அன்போடு தொகுத்தவைதாம். எனினும் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்ததென்று அக்குவியல் கூறாது.

மதுரையைச் சூழ்ந்த வெளியிலோ, அள்ளுவோர் அன்பினால் அள்ளுவதில்லை. சரளைக்கும் செம்மண்ணுக்குமாக மேடுகளைப் பொறிகள் விழுங்குகின்றன. சுமையுந்து ஏறிய கல் ஊமைக்கல். அள்ளுதற்கு இசைவு தருமுன் அவ்விடத்தைத் தொல்லியலார் நடந்து பார்த்தல் வேண்டும் என இயக்கத் தோழர்கள் ஊர்மன்றங்களில் தீர்மானம் கொணர்க. கூர்மையான சிறு கல்லைக் காணும் இளைஞர் அதனைப் பையிலிடாது, கிடந்தவாறே நிழற்படம் எடுத்து, இடத்தைக் குறித்துத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறைக்கு எழுதுக.