லேப்டாப்பைக் காயலான் கடைக்கு அனுப்பும் முன்...

2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்குத் தரத் தொடங்கிய இலவச லேப்டாப்கள், கல்மண்டபம் பக்கம் எத்தனை வீட்டுப் பரணில் கிடக்கின்றனவோ!

விண்டோஸ் 7-ஐத் திரும்ப ஏற்றினால் போதும் என்பார்கள். ஓடும்தான். ஆனால் 2020 ஜனவரியோடு அதற்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. 2023-இல் குரோமும் கைகழுவிவிட்டது. அதில் பேங்க் பாஸ்வேர்டு அடிப்பது கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவது மாதிரி.

அதற்காகக் காயலான் கடையில் போடுவதா? நெட்டைத் துண்டித்துவிட்டால், பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகளைத் திறக்கவும் டைப்பிங் பழகவும் அதுவே போதும். நெட் வேண்டுமா? லினக்ஸ் போடுங்கள். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இந்த ஊர்ச் சரக்குதானே! கணினி தேதியைத் தப்பாகக் காட்டினால் முதலில் உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரியை மாற்றுங்கள். இல்லாவிட்டால் நல்ல தளமும் திறக்காது.

அண்ணனுக்குக் கிடைத்த லேப்டாப் தம்பிக்கும் உதவட்டுமே.