வேறுபாடு எங்கே இருக்கிறது?

‘வேறுபடுத்துக’ என்ற கேள்வி நம் வினாத்தாள்களில் தவறாமல் வரும். நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் நான்கு, அந்தப் பக்கம் நான்கு என்று எழுதினால் மதிப்பெண் நிச்சயம். இந்தப் பழக்கத்தின்மீது எனக்கு நெடுநாளாக ஒரு குறை உண்டு. அதைச் சொல்லத் தென் அமெரிக்காவின் இரண்டு ரீங்காரப் பறவைகளைத் துணைக்கு அழைக்கிறேன்.

ரீங்காரப் பறவைகள் அந்தரத்தில் நின்றபடியே பூவில் தேன் குடிப்பவை. (நம் ஊர்த் தேன்சிட்டு வேறு குடும்பம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அவற்றுள் மிகப் பெரியது பட்டகோனா. மிகப் பெரியது என்றாலும் எடை சுமார் 20 கிராம்தான்! சிறிய ரீங்காரப் பறவைகள் நொடிக்கு 50 தடவைக்கு மேல் சிறகடிக்கும். இதுவோ ஏறக்குறைய 15 தடவை. 1834இல் சிலி நாட்டில் இதைக் கண்ட டார்வின், அந்த நிதானமான சிறகடிப்பைக் குறித்து வைத்தார்.

சிலியின் கடலோரப் பகுதிகளில் கூடு கட்டும் பட்டகோனாக்கள், குஞ்சு பொரித்த பின் மறைந்துவிடும். எங்கே போகின்றன? ஆராய்ச்சியாளர்கள் அவற்றின் முதுகில் மிகச் சிறிய கருவிகளைப் பொருத்தித் தொடர்ந்தார்கள். பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைகளுக்கு, 4,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்துக்குப் போகின்றன என்று தெரிந்தது. போய்வரும் தூரம் 8,300 கிலோமீட்டர் வரை. மலையேறுபவர்களைப் போலவே, சிறிது ஏறி, சில நாள் தங்கி, மறுபடி ஏறுகின்றன.

அந்த மலைகளிலோ ஆண்டு முழுவதும் அங்கேயே வாழும் பட்டகோனாக்களும் உண்டு. பார்வைக்கு ஏறத்தாழ அச்சு அசல். ஆனால் மரபணுக்களை ஆராய்ந்தபோது, இருபது லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்ட இரண்டு தனி இனங்கள் இவை என்று தெரிந்தது. 2024இல் இது வெளியாயிற்று. வித்தியாசம் ரத்தத்திலும் நுரையீரலிலும்கூட இருக்கிறது.

ஏன் ரத்தத்தில்? இங்கே பௌதிகம் வருகிறது. 4,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் சுமார் 60 சதவீதமே. மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த விகிதத்தில் குறையும். காற்றின் அடர்த்தியும் மூன்றில் இரண்டு பங்காகிவிடுவதால், அந்தரத்தில் நிற்கச் சுமார் 20 சதவீதம் அதிகத் திறன் வேண்டும். வரவு குறைகிறது, செலவு கூடுகிறது! ஓர் இனம் இந்தக் கணக்கை ஆண்டு முழுவதும் சமாளிக்கிறது. மற்றது ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கிச் சமாளிக்கிறது.

நிறம், அலகு, வால் என்று அட்டவணை போட்டிருந்தால் இதில் எதுவும் அகப்பட்டிராது. அந்த ஆராய்ச்சியாளர்கள் வேறுபாடு தேடிப் புறப்படவில்லை; ‘இந்தப் பறவை எங்கே போகிறது?’ என்றுதான் கேட்டார்கள்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதை இரண்டாகப் பிரிப்பதால் யாருக்கு லாபம் என்று சிலர் கேட்கலாம். பறவைகளுக்கு லாபம் உண்டு. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டிருந்தால், ஓர் இனம் குறைந்துவருவதை மற்றதன் எண்ணிக்கை மறைத்துவிடும்.

அட்டவணையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; நினைவில் வைக்க உதவுகிறது. ஆனால் வினாத்தாள் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தால், ஒரு கேள்வியை இப்படிப் போடுவேன்: ‘இரு பறவைகள் உருவில் ஒத்திருக்கின்றன. அவை ஒரே இனமா என்று அறிய நீ எதையெல்லாம் அளப்பாய்?’