காற்றையும் கணக்கெடுப்போம்

ஓசோன் என்றதும் நம்மில் பலருக்கு வானத்தின் நினைவுதான் வரும். 15 முதல் 35 கிலோமீட்டர் உயரத்தில் நின்று, கதிரவனின் புறஊதாக் கதிர்களைத் தடுத்து நம்மைக் காக்கும் வாயு அது. ஆனால் அதே வாயு மூக்கின் முன்னே வந்து நின்றால் நண்பனல்ல, பகைவன். ஈளை நோயாளியை வாட்டும். பயிரின் விளைச்சலைக் குறைக்கும்.

தரைமட்ட ஓசோன், புகைபோக்கியிலிருந்து நேராக வருவதன்று. வண்டிகளும் ஆலைகளும் விடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கரிம ஆவிகளும் வெயிலில் வினைபுரிந்து அதைப் பிறப்பிக்கின்றன. வெயிலுக்குப் பஞ்சமில்லாத சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் இதை மாணவர்கள் அளக்க வேண்டாமா என்பதே என் கேள்வி.

“அதற்குத்தான் காதங்கி இருக்கிறதே” என்பர் சிலர். உண்மை. அங்குள்ள தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தின் 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார் உயர்வானக் காற்றை ஆராய்கிறது. நாம் பெருமைப்பட வேண்டியதே. ஆயினும் ஆய்வுக்கூடம் ஊருக்கு ஊர் நிற்க முடியுமா? மேலும் ஒரு விந்தை கேளுங்கள். நெரிசலான தெருவில் வண்டிப்புகையின் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனையே தின்றுவிடுகிறது. காற்றடிக்கும் திசையில் தள்ளியிருக்கும் சிற்றூரிலோ ஓசோன் நகரைவிட மிகுந்திருக்கக்கூடும். நகரில் மட்டும் கருவி வைத்தால், மாந்தோப்பில் பாடுபடுபவர் எதைச் சுவாசிக்கிறார் என்று யார் அறிவார்?

அளக்கும் வழி புதிதன்று. ஓசோனுக்குப் பெயரிட்ட ஷேன்பைன், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பொட்டாசியம் அயோடைடும் ஸ்டார்ச்சும் தடவிய தாளைக் காற்றில் தொங்கவிட்டார். ஓசோன் பட்டால் தாள் நீலமாகும். 1995-இல் தொடங்கிய குளோப் திட்டத்திலும் பள்ளி மாணவர்கள் நிறம் மாறும் பட்டைகளைக் கொண்டே அளந்தனர். ஆனால் ஷேன்பைன் தாளின் நிறம் ஈரப்பதத்தாலும் மாறும். ஆகவே ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளின் அளவு, காற்றின் திசை, மேகம் ஆகியவற்றை அதே வேளையில் குறிக்காவிட்டால் அந்த நிறத்துக்குப் பொருளில்லை.

தாள் கருவிக்கு ஈடாகுமா? ஆகாது. 2009-இல் மத்திய அரசின் அமைப்பு வகுத்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். அது மீறப்பட்டதா என்று தாள் தீர்ப்புச் சொல்லாது. ஆனால் கருவியை எங்கே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்பதற்கு வழிகாட்டும். அது சிறிய தொண்டா?

இன்னொரு பயனும் உண்டு, தோழர்களே! ஆய்வகத்தில் விடையை முன்பே தெரிந்துகொண்டு, அளவை அதற்கேற்ப எழுதிவைக்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. இன்று நண்பகல் வீசும் காற்றுக்கு விடைப்புத்தகம் கிடையாது. கண்டதைக் கண்டபடி எழுதியே தீரவேண்டும். விஞ்ஞானத்தின் முதற்பாடம் அதுவே.

1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு இடம் மாறிற்று. காற்று அந்தக் கோட்டை அறியாது. எனவே சித்தூரிலும் திருப்பதியிலும் திருத்தணியிலும், தெலுங்கு மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே நாளில், ஒரே வேளையில் தாளைத் தொங்கவிடட்டும். நம் மன்றம் ஒரு குறிப்பேடும் இரண்டு வெப்பமானிகளும் வாங்கித் தந்தால் போதும், வேலையைத் தொடங்கிவிடலாம்.