இரைச்சலும் இன்னிசையும்

"காது கிழிகிறது, அதை நிறுத்து!"

எங்கள் வீட்டில் அண்ணன் தன் ஹெவி மெட்டல் பாட்டுகளைப் போடும்போதெல்லாம் அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் இப்படி எழுவது வழக்கம். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அந்தக் குரல் எழவில்லை. அன்று பாட்டைப் போட்டவள் நான். கிட்டாரின் தந்திகள் ஒவ்வொன்றாக, மெதுவாக, மழைக்குப் பின் இலையிலிருந்து சொட்டும் நீர்போல ஒலித்தன. அம்மா கையில் கரண்டியுடன் வாசற்படியில் வந்து நின்றார். "இது யார் பாடுவது? நன்றாக இருக்கிறதே!" என்றார். அண்ணனோ முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அதே மெட்டாலிக்கா குழுதான் அம்மா. இந்தப் பாட்டோடுதான் அவர்கள் கெட்டுப்போனார்கள்" என்றான்.

அம்மாவுக்கு இனித்த அதே பாட்டு அண்ணனுக்குத் துரோகமாகப் பட்டது! இருவரில் யார் சொல்வது சரி? முரட்டு இசையால் புகழ்பெற்ற ஒரு குழு இன்னிசையின் பக்கம் திரும்பினால் அது வளர்ச்சியா, வீழ்ச்சியா? இதைப் பற்றி என் மனத்தில் பட்டதைத் தோழியர் முன்னும் பெரியோர் முன்னும் வைக்க விரும்புகிறேன்.

ஹெவி மெட்டல் என்பது என்ன? இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துப் பிளாக் சபாத் போன்ற குழுக்கள் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கிய இசை அது. மின்கிட்டாரின் கரகரப்பான பேரொலியும், இடிபோன்ற டிரம்ஸும், உரத்த குரலும் அதன் அடையாளங்கள். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து இளைஞர்கள் இதனை இன்னும் வேகப்படுத்தினார்கள். அவர்களில் முன்னணியில் நின்றது மெட்டாலிக்கா. டென்மார்க்கிலிருந்து வந்த லார்ஸ் உல்ரிக் என்ற டிரம்ஸ் இளைஞர், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் கொடுத்த விளம்பரத்தின் வழியாக ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டு என்பவரைச் சந்தித்தார். 1981-இல் குழு பிறந்தது. 1983-இல் முதல் இசைத்தட்டு வந்தது. வேகம், வேகம், மேலும் வேகம் என்பதே அதன் தாரக மந்திரம்.

அந்த வேகத்துக்கும் கோபத்துக்கும் பின்னே ஒரு கதை உண்டு. பெரியோர்கள் இதைச் சற்றுப் பொறுமையுடன் கேட்க வேண்டும். ஹெட்ஃபீல்டின் பெற்றோர் 'கிறிஸ்டியன் சயன்ஸ்' என்னும் சபையைச் சேர்ந்தவர்கள். நோயை மருந்தால் அன்றி ஜெபத்தால் மட்டுமே போக்க வேண்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. ஹெட்ஃபீல்டுக்குப் பதின்மூன்று வயதானபோது தந்தை வீட்டை விட்டுப் போய்விட்டார். பின்னர் தாய்க்குப் புற்றுநோய் கண்டது. அவர் மருத்துவத்தை மறுத்தார்; 1980-இல் இறந்தார். அப்போது மகனுக்கு வயது பதினாறு. மருந்தும் இறைவனின் கொடையே என்று கற்றிருக்கும் நமக்கு இதனை விளங்கிக்கொள்வது கடினம். அந்தப் பையனுக்கும் விளங்கவில்லை. யாரைக் கோபிப்பது என்று தெரியாத கோபம் அவன் கிட்டாரில் ஏறிக்கொண்டது. இரைச்சல் என்று நாம் காதைப் பொத்திக்கொள்ளும் ஒலிக்குள் சில வேளைகளில் ஓர் அழுகை ஒளிந்திருக்கிறது.

இனி 1991-ஆம் ஆண்டுக்கு வருவோம். அதற்கு முன் 1988-இல் வெளிவந்த இசைத்தட்டில் பாடல்கள் மிக நீண்டவை, சிக்கலானவை. ஒன்பது பாடல்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. ஒரே பாடலில் பல திருப்பங்கள், பல கதிகள். அவற்றை ஊர் ஊராக மேடையில் வாசித்து முடிப்பதற்குள் குழுவினருக்கே அலுத்துவிட்டது. எனவே எதிர்த்திசையில் நடக்க முடிவு செய்தார்கள். கனடா நாட்டு இசைத் தயாரிப்பாளர் பாப் ராக் அழைக்கப்பட்டார். அவர் வானொலிக்கேற்ற மென்மையான குழுக்களோடு பணிபுரிந்தவர் என்பதால் பழைய ரசிகர்கள் அப்போதே முணுமுணுத்தனர். 1991 ஆகஸ்டு 12 அன்று, குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட கறுப்பு அட்டை இசைத்தட்டு வெளியானது. பாடல்கள் சுருங்கின, வேகம் குறைந்தது, ராகம் முன்னால் வந்தது. அமெரிக்காவில் மட்டும் அது 1 கோடியே 60 லட்சம் பிரதிகளைக் கடந்து விற்றது.

"பணத்துக்காகத் தங்களையே விற்றுவிட்டார்கள்!" என்று பழைய ரசிகர்கள் கூக்குரலிட்டனர். என் அண்ணனும் அதையே சொல்கிறான். அவன் கட்சியை நான் அலட்சியமாகத் தள்ளிவிட விரும்பவில்லை. பள்ளியிலும் தெருவிலும் யாருடனும் ஒட்டாத பிள்ளைகள் பலருக்கு அந்த முரட்டு இசை ஒரு வீடாக இருந்தது. "இது எங்களுடையது, மற்றவர்களுக்கு இது பிடிக்காது" என்பதே அவர்களுக்கு ஓர் ஆறுதல். அந்த வீட்டின் கதவை ஊர் முழுவதற்கும் திறந்துவிட்டால், முதலில் குடியிருந்தவனுக்கு வலிக்காதா? வலிக்கும். அந்த வலி உண்மையானது. ஆனால் வலி உண்மையானது என்பதாலேயே குற்றச்சாட்டும் உண்மையாகிவிடுமா? அதைத்தான் ஆராய வேண்டும்.

முதலாவதாக, அந்த இனிமை கடையிலிருந்து வாங்கி ஒட்டிய பூச்சா? இல்லை. 1984-ஆம் ஆண்டின் இரண்டாம் இசைத்தட்டிலேயே 'ஃபேட் டு பிளாக்' என்ற மெல்லிய பாடல் இருக்கிறது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரில் குழுவின் கருவிகள் திருட்டுப் போயின. அந்தச் சோர்வில் பிறந்த பாடல் அது. "இவர்கள் மாறிவிட்டார்கள்" என்ற கூக்குரல் அப்போதே தொடங்கிவிட்டது! குழுவின் பேஸ் கிட்டார் கலைஞர் கிளிஃப் பர்ட்டன், ஜெர்மானிய மேதை பாக்கின் இசையை விரும்பிக் கற்றவர். இசை இலக்கணத்தை முறையாகப் பயின்று, ஒரு குரலோடு மறுகுரல் இசைந்து செல்லும் நுட்பத்தை நண்பர்களுக்கும் காட்டியவர். 1986-இல் வந்த 'ஓரியன்' என்ற பாட்டில்லா இசையில் அவர் கைவண்ணத்தைக் கேட்கலாம். அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று சுவீடன் நாட்டில் குழுவின் பேருந்து கவிழ்ந்ததில் அவர் இறந்தார். வயது இருபத்து நான்குதான். 1991-இல் பூத்த மலருக்கு விதை ஊன்றியவர்களில் அவரும் ஒருவர் என்பேன்.

இரண்டாவதாக, அவர்கள் எளிய வழியைத் தேடி ஓடினார்களா? அதுவும் இல்லை. கறுப்பு இசைத்தட்டின் ஒலிப்பதிவு 1990 அக்டோபரிலிருந்து 1991 ஜூன் வரை நீடித்தது. மூன்று முறை ஒலிக்கலவை செய்தார்கள். ஏறத்தாழ 10 லட்சம் டாலர் செலவாயிற்று. முன்பெல்லாம் ஒவ்வொருவரும் தனித்தனியே வாசித்துப் பதிவு செய்வார்கள். பாப் ராக் அவர்களை ஒரே அறையில் சேர்ந்து வாசிக்க வைத்தார். முன்பு ஒரு பாடலில் பல கிட்டார் வரிசைகளை அடுக்கியவர்கள், 'என்டர் சாண்ட்மேன்' பாடலைக் கிர்க் ஹாமெட் அமைத்த ஒரே வரிசையைச் சுற்றிக் கட்டினார்கள். அதுவரை கத்தியே பழகிய ஹெட்ஃபீல்டு இப்போது பாட வேண்டியிருந்தது. இடையில் தொண்டை பழுதுபட்டது. உலகப் புகழ் பெற்ற பின்னும் ஒரு குரலாசிரியரிடம் சென்று மாணவனைப்போல் பயிற்சி பெற்றார்.

தோழியரே, பாட்டு வகுப்பில் நாம் எல்லோரும் இதை அனுபவித்திருக்கிறோம் அல்லவா? துரித காலத்தில் பாடும்போது சிறு பிழைகள் ஓட்டத்தோடு ஓடி மறைந்துவிடும். "விளம்ப காலத்தில் பாடு" என்று ஆசிரியை சொன்னதும் நமக்குக் கை நடுங்கும். ஏனெனில் மெதுவாகப் பாடும்போது சுருதி விலகினால் வகுப்பே கேட்கும். மறைந்துகொள்ள இடம் கிடையாது. வேகத்தையும் பேரொலியையும் குறைத்துக்கொள்ளும் கலைஞனும் அப்படித்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கிறான். அதற்குத் துணிவு வேண்டும்.

மூன்றாவதாக, சொல்லும் பொருளைப் பார்க்க வேண்டும். அம்மா வாசற்படியில் நின்று கேட்ட பாட்டு 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்'. சுற்றுப்பயணத்தில் இருந்தபோது, தொலைவில் இருந்த தன் அன்புக்குரிய பெண்ணுடன் ஹெட்ஃபீல்டு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு கையில் தொலைபேசி. மறு கையோ கிட்டாரின் தந்திகளைச் சும்மா மீட்டிக்கொண்டிருந்தது. ஒற்றைக் கையால் வாசிக்கக்கூடிய அந்தச் சிறு தொடக்கமே பாடலாக வளர்ந்தது. "இது நம் குழுவுக்கு ஏற்றதன்று" என்று நினைத்து அவர் அதைத் தமக்கென வைத்திருந்தார். உல்ரிக் கேட்டுவிட்டு வற்புறுத்திய பின்பே அது இசைத்தட்டில் ஏறியது. விற்பனைக்காகத் திட்டமிட்டுச் செய்த பண்டமா இது? வெளியே காட்டக் கூச்சப்பட்டு மறைத்து வைத்ததை அல்லவா அவர் வெளியே கொண்டுவந்தார்! மைக்கேல் கேமன் அதற்கு வாத்தியக் குழுவின் இசையைச் சேர்த்துக் கொடுத்தார். 1999 ஏப்ரலில் அதே கேமன் தலைமையில் சான் பிரான்சிஸ்கோ சிம்பொனி வாத்தியக் குழுவும் மெட்டாலிக்காவும் ஒரே மேடையில் இரு இரவுகள் வாசித்தன. வயலின்களோடு மின்கிட்டார்கள் கைகோத்துக்கொண்டன.

இவர்கள் செய்த ஒவ்வொரு மாற்றமும் சரி என்று நான் வாதாட வரவில்லை. 1996-இல் தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு, புதுப் பாணி உடையில் படமெடுத்துக்கொண்டு 'லோட்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார்கள். அதில் சில பாடல்கள் காலத்தின் மோகத்துக்கு ஏற்ப நடப்பவை போலவே எனக்கும் தோன்றுகின்றன. இங்கே அண்ணனின் குற்றச்சாட்டில் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் அதே இசைத்தட்டில் 'மாமா செட்' என்று ஒரு பாடல் உண்டு. நாட்டுப்புறச் சாயல் கொண்ட அந்தப் பாடல் ஹெட்ஃபீல்டு தம் தாயை நினைத்து எழுதியது. பதினாறு வயதில் தாயை இழந்தவர். மேலும் பதினாறு ஆண்டுகள் சென்ற பின் தாயோடு இப்படிப் பேசுகிறார். இதைப் பேரொலியில் சொல்லியிருக்க முடியுமா? கோபத்தைச் சொல்ல அவருக்கு இரைச்சல் போதுமாக இருந்தது. ஏக்கத்தைச் சொல்ல இன்னிசை தேவைப்பட்டது.

இவர்களை நமக்கு முன்மாதிரிகள் என்றும் நான் சொல்லவில்லை. ஹெட்ஃபீல்டு குடிப்பழக்கத்திலிருந்து மீள 2001-இல் சிகிச்சைக்குச் சென்றார். 2019-இல் மீண்டும் செல்ல நேர்ந்தது. ஆயினும் ஒன்று சொல்வேன்: 2008-இல் அவர்கள் மறுபடியும் வேகமான நீண்ட பாடல்களுக்குத் திரும்பினார்கள். இன்னிசை அவர்களுடைய பழைய வலிமையைப் பறித்துவிடவில்லை. 2023-இல் வெளியிட்ட இசைத்தட்டுக்கு 'எழுபத்திரண்டு பருவங்கள்' என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். நம் முன்னோர் ஆண்டுக்கு ஆறு பருவம் என்பர். அவர்கள் கணக்கில் நான்கு. ஆக, எழுபத்திரண்டு பருவங்கள் என்றால் பதினெட்டு ஆண்டுகள். முதல் பதினெட்டு ஆண்டுகளில் நம்மேல் படிவனவற்றையே வாழ்நாள் முழுவதும் சுமக்கிறோம் என்பது அந்த இசைத்தட்டின் கருத்து. அறுபதை நெருங்கிய அந்த வயதிலும் அவர் அந்தப் பதினாறு வயதுப் பையனைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்தார்! நாமோ அந்தப் பருவங்களுக்குள்ளேயே இப்போது வாழ்கிறோம்.

ஆகவே என் முடிவு இதுதான். மாற்றம் இனிமையை நோக்கியதா, முரட்டுத்தனத்தை நோக்கியதா என்பதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மாறியதனால் அவர் முன்னைவிட உண்மையாகப் பேசினாரா என்பதே உரைகல். அந்த உரைகல்லில் 1991-ஆம் ஆண்டின் மாற்றம் பொன்னாகவே மின்னுகிறது.

நம் வகுப்பிலும் உரத்துப் பேசுகிறவள் ஒருத்தி இருப்பாள். எதற்கும் எரிந்து விழுவாள். திடீரென ஒரு நாள் அவள் மெதுவாக, மனம் திறந்து பேசினால், "நீ மாறிவிட்டாய், நடிக்கிறாய்" என்று நாம் கேலி செய்வதுண்டு. அப்படிச் செய்தால் அவள் மறுபடியும் பழைய இரைச்சலுக்குள் போய் ஒளிந்துகொள்வாள். அவளைப் பேச விடுவோம். பெற்றோரும் அருட்சகோதரியரும் எங்கள் இரைச்சலைக் கேட்டுக் கதவைச் சாத்தும் முன் ஒரு நிமிடம் நின்று கேட்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன் இன்னும் தன் கட்சியை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் சென்ற வாரம் அவன் அறையைக் கடந்து போனபோது, தாழ்ந்த ஒலியில் 'மாமா செட்' கேட்டது. நான் ஒன்றும் சொல்லாமல் நடந்து போய்விட்டேன்.