சிறுநீரக நோய்: இயந்திரங்கள் வந்தன, ஆய்வாளர்கள் எங்கே?

புது தில்லி: நாட்டில் ஆண்டுதோறும் புதிதாக சுமார் 2.2 லட்சம் பேருக்குச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழப்பதாக மத்திய அரசு 2016-ல் மதிப்பிட்டது. அவ்வாண்டு நிதிநிலை அறிக்கையில் தேசிய டயாலிசிஸ் திட்டமும் அறிவிக்கப்பட்டது. மாவட்ட மருத்துவமனைகளில் ஏழைகளுக்கு இலவசமாக டயாலிசிஸ் செய்ய இது வழிவகுத்தது. ஆனால், சிறுநீரகம் ஏன் பழுதாகிறது என்ற கேள்விக்கு இயந்திரங்கள் விடை தருவதில்லை.

ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்திலுள்ள உத்தானம் பகுதி இதற்குச் சான்று. சர்க்கரை நோயோ, உயர் ரத்த அழுத்தமோ இல்லாத விவசாயத் தொழிலாளர்கள் பலர் அங்கு இந்நோய்க்கு ஆளாகின்றனர். குடிநீர், பூச்சிக்கொல்லி, கடும் வெயிலில் உழைப்பு எனப் பல காரணங்கள் கூறப்பட்டாலும், எதுவும் ஐயமற நிறுவப்படவில்லை. அப்பகுதிக்காக 2023 டிசம்பரில் பலாசாவில் சிறுநீரக ஆய்வு மையமும் 200 படுக்கை மருத்துவமனையும் திறக்கப்பட்டன. கட்டடம் எழுப்பச் சில ஆண்டுகள் போதும். ஆய்வாளரை உருவாக்க அது போதாது.

எம்.பி.பி.எஸ்., எம்.டி., டி.எம். என 11 ஆண்டுகளுக்கும் மேலாகப் படித்த பிறகே ஒருவர் சிறுநீரக நிபுணராகிறார். டி.எம். படிப்பின் 3 ஆண்டுகளில் பெரும்பகுதி நோயாளிகளைக் கவனிப்பதிலேயே கழிகிறது. ஆய்வைத் திட்டமிடுதல், புள்ளியியல், ஆய்வு நெறிமுறை ஆகியவற்றுக்குத் தனிப் பயிற்சி தேவை. படித்து முடித்தவருக்கோ குடும்பப் பொறுப்பு காத்திருக்கிறது; தனியார் மருத்துவமனை தரும் ஊதியத்துடன் ஆய்வு உதவித்தொகை போட்டியிட முடிவதில்லை.

நம்மவர்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை. பாம்புக்கடி போன்றவற்றால் நேரும் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு குறித்து, சண்டீகர் பட்டமேற்படிப்பு மருத்துவக் கழகத்தில் டாக்டர் கிர்பால் சிங் சுக் நடத்திய ஆய்வுகள் உலகின் கவனத்தை ஈர்த்தன. மருத்துவர்களுக்கும் ஆய்வு நிதி வழங்கும் 'இந்தியா அலையன்ஸ்' அமைப்பு 2008-ல் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை, பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை ஆகியவற்றால் தொடங்கப்பட்டது. ஆயினும், இத்தகைய நிதி தேர்ந்தெடுக்கப்படும் சிலருக்கே கிட்டும்.

டி.எம். முடித்தோருக்கு உரிய ஊதியத்துடன் ஈராண்டு ஆய்வுப் பயிற்சி, அதன்பின் நிரந்தரப் பணி, வாரத்தில் சில நாள்களேனும் ஆய்வுக்கென ஒதுக்கிய நேரம் ஆகிய மூன்றையும் அரசு உறுதிசெய்ய வேண்டும். இல்லையேல், நோயின் காரணம் அறியாமலே டயாலிசிஸ் இயந்திரங்களை ஆண்டுதோறும் கூட்டிக்கொண்டே போவதைத் தவிர வேறு வழியிராது.