ஆனையிறவைக் கடக்கும் கல்வி

வன்னிப் பெருநிலத்தையும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் இணைக்கும் ஆனையிறவு, யானைகள் ஆழமற்ற கடல்நீரேரியைக் கடந்து சென்ற வழியாதலின் அப்பெயர் பெற்றதென்பர். ஒல்லாந்தர் காலத்தில் வன்னிக் காடுகளிற் பிடிக்கப்பட்ட யானைகள் குடாநாட்டுக்கு ஓட்டிச் செல்லப்பட்டு இந்திய வணிகருக்கு விற்கப்பட்டன. காடு வன்னியினுடையது, சந்தை யாழ்ப்பாணத்தினுடையது. இன்று அவ்வழியே செல்வோர், ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையிற் சித்தியெய்திய சிறுவர். பெற்றோரைப் பிரிந்து, குடாநாட்டுக் கல்லூரி விடுதிகளில் அவர்கள் வளர்கின்றனர்.

இதனைக் கல்வி முன்னேற்றமெனப் பாராட்டுவோர் உளர். விடுதிக் கல்லூரி மரபே தமிழரை உயர்த்தியதென்பது அவர்தம் வாதம். அதற்கு அவர்கள் காட்டும் தலையாய சான்று வட்டுக்கோட்டைச் செமினரி. எனவே அச்சான்றையே சிறிது ஆராய்தல் தகும்.

1823 இல் அமெரிக்க மிசனரிமார் தொடக்கிய அந்நிறுவனம், திறமைமிக்க மாணவரைத் தெரிந்தெடுத்து, விடுதியில் வைத்து, உயர்கல்விக்கு ஆயத்தஞ்செய்த தனியார் பாடசாலையாகும். டானியல் பூவர் அதன் முதலதிபர். மாணவனைப் பராமரிக்கப் பணம் அனுப்பிய அமெரிக்க உபகாரியின் பெயர் அவனுக்குச் சூட்டப்படுவதும் உண்டு. தமிழும் ஆங்கிலமும், கணிதமும் வானியலும் அங்குக் கற்பிக்கப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்குப் பயின்றவர்களே. இப்பெருமையை மறுப்பதற்கில்லை.

ஆயினும், பெருமை பேசுவோர் 1855 ஆம் ஆண்டினை மறந்துவிடுகின்றனர். அவ்வாண்டு பொஸ்டன் தலைமைச் சபையின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் வந்து பார்வையிட்டார். ஆங்கிலங் கற்றோர் போதகராகாது அரசாங்க உத்தியோகத்தை நாடுகின்றனர் என்ற குறை எழுந்தது, செமினரி மூடப்பட்டது. ஊரார் அதன்மீது பெருமை கொண்டிருந்தனரேயன்றி உரிமை கொண்டிருக்கவில்லை. யாழ்ப்பாணக் கல்லூரி தோன்ற 1872 வரை பொறுக்க வேண்டியதாயிற்று. பிறர் தயவில் நிற்கும் கல்வியின் கதி இதுவே.

மேலும், அம்மிசனின் தொடக்ககால நிலையங்களான தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் ஆகிய யாவும் வலிகாமத்திலேயே அமைந்தன. 1905 இற் புகையிரதம் ஆனையிறவைக் கடந்தது. 1920 இல் இரணைமடுக் குளம் நிறைவெய்தியது. குடியேற்றத் திட்டங்கள் குடாநாட்டு விவசாயியை வன்னிக்கு அழைத்து வந்தன. நெல் விளைவிக்கக் குடும்பம் தெற்கே வரலாம்; அக்குடும்பத்துப் பிள்ளை கற்க மட்டும் வடக்கே செல்லவேண்டுமோ?

திறமையுள்ள பிள்ளைக்குச் சிறந்த பாடசாலையை மறுப்பதா எனச் சிலர் வினவுவர். செல்லும் பிள்ளையைத் தடுப்பது இங்கு நோக்கமன்று. ஒருவன் சென்றபின் அவ்வகுப்பில் எஞ்சியிருப்போரைப் பற்றியதே வினா. வகுப்பை உயர்த்தக்கூடியவன் போய்விடப் பெறுபேறு தாழ்கின்றது. பெறுபேறு தாழப் பெற்றோர் நம்பிக்கை இழக்கின்றனர். ஆசிரியரும் கஷ்டப் பிரதேசச் சேவைக்காலம் முடிந்ததும் இடமாற்றம் பெற்றுச் செல்கின்றனர். அடுத்த ஆண்டு மற்றொரு பிள்ளை பெட்டி கட்டுகின்றது. விடுதிச் செலவுக்கு வழியற்ற கூலித்தொழிலாளியின் பிள்ளையோ, சித்தியெய்தியும் ஊரிலேயே தங்குகின்றது. இவ்வாறு பறித்துச் சேர்த்த பெறுபேற்றைத் தன் பெருமையாகப் பறைசாற்றும் கல்லூரி, எவருக்குக் கடன்பட்டுள்ளதென்பதைச் சிந்தித்தல் வேண்டும்.

1991, 2000, 2009 ஆகிய ஆண்டுகளிற் போர்க்களமாயிருந்த நிலம் இது. கூரையிழந்த பாடசாலைகளுக்குக் கூரை வேய்ந்ததோடு கடமை தீர்ந்ததென எண்ணுதல் பொருந்தாது. 2014 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சியில் தொடங்கியது. 2021 இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. பல்கலைக்கழகக் கல்வியே வன்னியில் வேரூன்ற முடியுமாயின், பாடசாலைக் கல்வி ஏன் முடியாது?

வேண்டுவன மூன்று: உயர்தர விஞ்ஞான, கணித வகுப்புகளை முழுமையாக நடத்தும் அரசாங்கப் பாடசாலைகள், தூரக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அப்பாடசாலைகளிலேயே கட்டணமற்ற விடுதிகள், ஆசிரியர் குடும்பத்தோடு தங்கத்தக்க இல்லங்கள். வெளிநாடுகளிற் பணம் திரட்டித் தத்தம் கல்லூரிகளுக்கு மண்டபம் எழுப்பும் பழைய மாணவர் சங்கங்கள், அப்பணத்தில் ஒரு பங்கையேனும் ஆனையிறவுக்குத் தெற்கே அனுப்புதல் தானமன்று, கடன் தீர்த்தலேயாகும்.